தாவும் மரபணுக்களைக் கொண்டு பாதுகாப்பான சிகிச்சை செய்ய முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மரபணுத் தொகுதிக்குள் இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டுகள் இருக்கின்றன, அவை தவறான இடத்தில் போய் உட்கார்ந்தால் நோய் வரும் என்று ஒரு கட்டுரையில் படித்திருக்கிறீர்கள். அதே துண்டுகளைப் பார்த்துத்தான் பாதுகாப்பான மரபணு சிகிச்சைகள் உருவாகின்றன என்று இன்னொரு கட்டுரை சொல்கிறது. இரண்டில் எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், உங்கள் அக்கா மகளுக்குப் பீட்டா தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்தநோய்) என்றும் எழும்பூரில் மாதந்தோறும் ரத்தம் ஏற்றுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது, தாவுவதையே குணமாகக் கொண்ட ஒன்றை ஒரு குழந்தையின் உடம்புக்குள் விடுவது எப்படிப் பாதுகாப்பாகும் என்பதும், அதற்காகக் காத்திருக்கலாமா என்பதும்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் மூலக்கூறு உயிரியல் ஆய்வகங்களில் செல்களுக்குள் மரபணுக்களைச் செலுத்தும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன், இப்போது அதையே கற்பிப்பவன் என்ற முறையில் முதல் பாதிக்கு விரிவாகவே பதில் சொல்ல முடியும். நான் மருத்துவன் அல்லன் என்பதால் இரண்டாவதற்கு ஓரளவுதான் சொல்வேன்.

நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளும் உண்மையைத்தான் சொல்கின்றன. மக்காச்சோளத்தில் ஒரே மணிக்குள் நிறம் திட்டுத்திட்டாக மாறுவது ஏன் என்று ஆராய்ந்த பார்பரா மெக்ளின்டாக், குரோமோசோமில் இடம் மாறும் துண்டுகள் உண்டு என்பதை 1940களின் இறுதியில் கண்டறிந்தார். நோபல் பரிசு 1983-இல்தான் வந்தது. மனிதனின் மரபணுத் தொகுதியில் சுமார் 45 விழுக்காடு இத்தகைய துண்டுகளோ அவற்றின் சிதைந்த எச்சங்களோதான். புரதங்களுக்கான குறியீடு 2 விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. லைன்-1 என்ற ஒரே வகை மட்டும் சுமார் 17 விழுக்காட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் ஏறத்தாழ ஐந்து லட்சம் பிரதிகளில் இன்றும் தாவும் திறனுள்ளவை 80 முதல் 100 வரைதான், ஆனால் அந்தச் சிலவும் தொல்லை தரக்கூடியவை. ரத்தம் உறைவதற்குத் தேவையான எட்டாம் காரணியின் மரபணுவில் லைன்-1 புதிதாக நுழைந்து ஹீமோபிலியாவை உண்டாக்கியிருந்ததை, 240 நோயாளிகளைச் சோதித்து அவர்களில் இரண்டு பேரிடம் ஹெய்க் கஸாஸியன் குழுவினர் 1988-இல் காட்டினார்கள். மறுபக்கத்தில், நம் எதிர்ப்புச் செல்கள் லட்சக்கணக்கான வகை ஆன்டிபாடிகளை உருவாக்க மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டுகின்றனவே, அந்த வேலையைச் செய்யும் ராக் புரதங்களும் ஒரு பழங்காலத் தாவும் துண்டிலிருந்து வந்தவைதான். அந்தப் புரதங்கள் இல்லாமல் பிறக்கும் குழந்தைக்குச் சாதாரணக் கிருமித்தொற்றே உயிருக்கு ஆபத்து.

மரபணு சிகிச்சையின் சிக்கல் என்ன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இதன் தேவை விளங்கும். பழுதுபட்ட மரபணுவுக்குப் பதிலாக நல்ல பிரதி ஒன்றைச் செல்லுக்குள் செலுத்துவது இன்று பெரிய காரியம் இல்லை. செல் பலமுறை பிரிந்தாலும் அந்தப் பிரதி தொலையாமல் இருக்க வேண்டுமானால் அது குரோமோசோமோடு இணைய வேண்டும், எங்கே இணைகிறது என்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது. 1999-இல் பாரிஸிலும், அதைத் தொடர்ந்து லண்டனிலும், எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த 20 குழந்தைகளுக்கு தன் மரபணுக்களைக் குரோமோசோமில் சேர்த்துவிடும் வகையான ரெட்ரோவைரஸ்களில், எலியின் வைரஸ் ஒன்றை வாகனமாக்கிச் சிகிச்சை செய்தார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி திரும்பியது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் அவர்களில் 5 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஒரு குழந்தை இறந்தது. வைரஸ் கொண்டுபோன துண்டு எல்எம்ஓ2 போன்ற வளர்ச்சி மரபணுக்களின் அருகே உட்கார்ந்து அவற்றை முடுக்கிவிட்டிருந்தது. அந்த வகை வைரஸ் மரபணுக்களின் தொடக்கப் பகுதிகளைத் தேடிப்போகும் என்பதும், அதற்கு மாற்றாக வந்த எச்ஐவி வழி லென்டிவைரஸ், வேலை செய்துகொண்டிருக்கும் மரபணுக்களின் உடற்பகுதியில் பரவலாக அமரும் என்பதும், ஆகவே இது ஆபத்துக் குறைந்தது என்பதும் இன்று உறுதிப்பட்ட செய்திகள்.

குறைந்ததுதான், இல்லாமல் போகவில்லை. மூளையைத் தாக்கும் ஒரு பரம்பரை நோய்க்காக லென்டிவைரஸ் சிகிச்சை பெற்ற 67 சிறுவர்களில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததாக 2024-இல் வெளியான அறிக்கை சொன்னது. அந்த வாகனத்தில் மரபணுவை இயக்குவதற்காக வைத்திருந்த முடுக்கிப் பகுதி மிகவும் வலிமையானது என்பதால், அந்த விகிதத்தை எல்லா லென்டிவைரஸ் சிகிச்சைகளுக்கும் பொருத்திப் பார்ப்பது நியாயம் ஆகாது. நமக்குப் பக்கத்திலேயே வேலூர் சிஎம்சியில், கடுமையான ஹீமோபிலியா உள்ள 5 பேருக்கு அவர்களுடைய சொந்த ரத்த ஸ்டெம் செல்களில் (எல்லா ரத்தச் செல்களையும் உருவாக்கும் மூலச் செல்களில்) லென்டிவைரஸ் வழியாக எட்டாம் காரணி மரபணுவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கண்காணித்த காலம் முழுவதும் அவர்களுக்கு ரத்தக்கசிவே ஏற்படவில்லை என்று அதே ஆண்டு டிசம்பரில் முடிவு வெளியானது. இரண்டு செய்திகளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இடம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதை மாணவர்களுக்கு வாயால் சொல்வதைவிட ஒரு தட்டைக் காட்டுவது எளிது. பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை ஒரு தாவும் துண்டுக்குள் வைத்து, அதை வெட்டி ஒட்டும் நொதியோடு சேர்த்து, ஆய்வகத்தில் வழக்கமாக வளர்க்கும் மனிதச் சிறுநீரகச் செல்களுக்குள் செலுத்துவோம். இரண்டு மூன்று வாரங்களில் தனித்தனிச் செல்லிலிருந்து வளர்ந்த கூட்டங்கள் தட்டில் புள்ளிபுள்ளியாகத் தெரியும். ஒளிர்வு நுண்ணோக்கியில் வைத்தால் ஒன்று கண்ணைக் கூசும் பச்சை, பக்கத்தில் இருப்பது மங்கல், இன்னொன்று பாதி ஒளிர்ந்து பாதி அணைந்திருக்கும். செல்லும் ஒன்று, மரபணுவும் ஒன்று. ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை பிரதிகள் போயின, எங்கே போயின என்பதுதான் வேறு. அந்தக் கூட்டங்களிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, துண்டு ஒட்டிய இடத்தை மட்டும் பிசிஆர் என்ற பிரதியெடுக்கும் முறையில் பெருக்கி, நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினால், ஒவ்வொரு வரிசையிலும் பட்டைகள் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். மங்கலானவை சில மாதங்களில் முற்றிலும் அணைந்துபோவதும் உண்டு. ஒரு நோயாளிக்குச் செலுத்தப்படும் கோடிக்கணக்கான செல்கள் ஒவ்வொன்றிலும் இதேதான் நடக்கிறது. அவற்றில் ஒன்று ஆபத்தான இடத்தில் விழுந்தாலும் போதும்.

வைரஸ் இல்லாமல் தாவும் துண்டுகளையே வாகனமாக்கும் முயற்சி புதிதன்று. சால்மன் வகை மீன்களின் மரபணுத் தொகுதியில் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகச் செயலிழந்து சிதைந்து கிடந்த பிரதிகளை ஒப்பிட்டு, பிழைகளைத் திருத்தி, வேலை செய்யும் துண்டு ஒன்றை 1997-இல் ஐவிக்ஸ், இஸ்வாக், ஹாக்கெட் ஆகியோரின் குழு மீட்டெடுத்தது. ஸ்லீப்பிங் பியூட்டி என்று பெயரிட்டார்கள். டிஎன்ஏவின் நான்கு வகை எழுத்துகளில் தைமின்-அடினின் என்ற இரண்டே எழுத்துகள் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் அது அமரும். அந்த எழுத்துகள் எங்கும் இருப்பதால் அது மரபணுக்களைத் தேடிப்போகாமல் ஏறக்குறைய சமமாகப் பரவுகிறது, அதுதான் அதன் பெருமை. முட்டைக்கோஸைத் தின்னும் ஒரு அந்துப்பூச்சியிலிருந்து வந்த பிக்கிபேக் என்பது இன்னும் பெரிய சரக்கைச் சுமக்கும், ஆனால் மரபணுக்களின் தொடக்கப் பகுதிகள் மீது அதற்கு ஓரளவு நாட்டம் உண்டு. ஆஸ்திரேலியாவில் பிக்கிபேக் வழியாகத் தயாரித்த கார்-டி செல்களை (புற்றுநோயைத் தாக்கும்படி மரபணு மாற்றிய எதிர்ப்புச் செல்களை) பெற்ற 10 பேரில் 2 பேருக்கு, அந்தச் செல்களிலிருந்தே லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் உருவானதாக 2021-இல் அறிவித்தார்கள். அவர்களுடைய செல்களில் பிரதிகளின் எண்ணிக்கை அதிகமாக இருந்தது, மரபணுத் தொகுதி முழுவதும் மாற்றங்களும் இருந்தன. வாகனம் காரணமா, மரபணுவை உள்ளே புகுத்தச் செல்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்த முறை காரணமா என்பது தெளிவாகப் பிரியவில்லை. இயற்கையிலிருந்து வந்தது என்பதாலேயே பாதுகாப்பானது என்று பேசுபவர்கள் இந்தச் செய்தியைத் தாண்டிப்போய்விடுகிறார்கள்.

ஆகவே தாவும் துண்டு என்றாலே ஒரே குணம் என்று நினைக்க வேண்டாம். என் பார்வையில் இந்தத் துறையில் கற்றுக்கொள்ளத் தகுந்தவை, சமமாகச் சிதறுகிற துண்டுகளைவிட, குறிப்பிட்ட இடத்தை மட்டும் நாடுகிற துண்டுகள்தாம். சிறிய மரபணுத் தொகுதியில் கண்ட இடத்தில் குதிக்கும் துண்டு தன்னைச் சுமக்கும் உயிரைக் கொன்று தானும் அழியும். அதனால் அத்தகைய உயிர்களில் நிலைத்தவை பெரும்பாலும் கேடு குறைந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வழியைப் பெற்றவை. ஈஸ்டில் உள்ள டிஒய்3 என்னும் துண்டு, புரதம் கட்ட உதவும் டிஆர்என்ஏவைத் தரும் மரபணுக்களின் தொடக்கத்துக்கு ஓரிரு எழுத்துகள் தள்ளி, அவற்றைக் கெடுக்காத இடத்தில் மட்டும் அமர்கிறது. பாக்டீரியாவில் உள்ள டிஎன்7, ஜிஎல்எம்எஸ் என்ற அத்தியாவசிய மரபணுவின் வாலை அடையாளம் கண்டு, அதற்குள் நுழையாமல் அது முடிந்த பிறகு அமர்கிறது. அந்த மரபணு ஏறக்குறைய எல்லாப் பாக்டீரியாக்களிலும் இருக்கும் என்பதால் அடையாளமும் தவறாது, அதைத் தொடாததால் கேடும் இல்லை. எந்தப் பொறியாளரும் பொறாமைப்படும் ஏற்பாடு இது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது ஆர்2 என்ற துண்டு. பட்டுப்புழு உள்ளிட்ட பூச்சிகளிலும் பறவைகளிலும் இருக்கிறது, பாலூட்டிகளில் இல்லை. செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கான ஆர்என்ஏவைத் தரும் மரபணுவில் ஒரே ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் அது அமரும். தன் ஆர்என்ஏ பிரதியைக் கொண்டுவந்து, டிஎன்ஏவில் ஒரு இழையைக் கீறி, கீறிய முனையிலிருந்தே புதிய டிஎன்ஏவை எழுதத் தொடங்குகிறது என்பதைப் பட்டுப்புழுவின் ஆர்2 புரதத்தை வைத்து ஐக்புஷ் குழு 1993-இல் காட்டியது. மனிதனிடம் அந்த ரைபோசோம் மரபணு ஐந்து ஜோடிக் குரோமோசோம்களில் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் நூற்றுக்கணக்கான விளக்குகள் எரியும்போது ஒரு பல்பு அணைந்தால் யாருக்கும் தெரிவதில்லை. அப்படித்தான் இந்தப் பிரதிகளில் ஒன்றிரண்டு நின்றுபோனாலும் செல்லுக்குக் குறை இல்லை, பக்கத்தில் முடுக்கிவிடக்கூடிய புற்றுநோய் மரபணுவும் இல்லை. பெர்க்லியில் கேத்லீன் காலின்ஸ் குழு, பறவைகளின் ஆர்2 புரதத்துக்கான ஆர்என்ஏவையும், செலுத்த வேண்டிய மரபணுவை ஆர்என்ஏ வடிவிலும் சேர்த்து மனிதச் செல்களுக்குள் விட்டு, அந்த ஒரே இடத்தில் மரபணு அமர்வதை 2024-இல் வெளியிட்டது. முழுவதும் ஆர்என்ஏ என்பதால், வெளியிலிருந்து வரும் டிஎன்ஏவைக் கண்டதும் செல் எழுப்பும் எச்சரிக்கையும் எழுவதில்லை. வேலை முடிந்ததும் அந்த ஆர்என்ஏக்கள் சிதைந்துவிடும், மறுபடி தாவுவதற்கு நொதி மிச்சம் இருக்காது. குறையும் உண்டு. எழுதும்போது பாதியில் நின்றுபோன குறைப்பிரதிகள் கணிசமாக வருகின்றன. மேலும் ஆர்என்ஏ மிகவும் மென்மையான பொருள். உலர் பனியில் கிளம்பிய பெட்டி வழியில் எங்கோ இரண்டு நாள் தங்கிச் சென்னை வெயிலில் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊர் ஆய்வகங்களில் வேலை செய்த எவருக்கும் தெரியும்.

இடத்தை நாமே குறித்துக் கொடுக்கக்கூடிய துண்டுகள் இன்னொரு வகை. டிஎன்7 குடும்பத்துத் துண்டுகள் சில, குறித்த டிஎன்ஏ இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் பாக்டீரியாவின் கிரிஸ்பர் அமைப்பைக் கவர்ந்து தம் வழிகாட்டியாக்கிக்கொண்டிருப்பதை 2019-இல் இரண்டு குழுக்கள் செயல்முறையில் காட்டின. அவற்றில் ஒன்று காலரா கிருமியிலிருந்து வந்தது. சாதாரணக் கிரிஸ்பர் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் வெட்டிவிட்டுச் சீர்செய்வதைச் செல்லிடம் விட்டுவிடுகிறது. அதனால் பெரிய பகுதிகள் தொலைவதும் குரோமோசோம் குலைவதும் சில செல்களில் நேர்கின்றன. இந்தத் துண்டுகள் அப்படிப்பட்ட வெட்டு எதையும் விட்டுவைக்காமல் சரக்கை நேரே இணைக்கின்றன. மனிதச் செல்களில் அவை தொடக்கத்தில் மிகவும் மந்தமாகவே வேலை செய்தன. ஆய்வகத்தில் அதிவேகப் பரிணாமத்துக்கு உட்படுத்திய பிறகு 10 முதல் 30 விழுக்காடு செல்களில் இணைக்க முடிந்தது என்ற அறிக்கை 2025-இல் வந்தது. 2024-இல் பேட்ரிக் சூ குழு அறிவித்த ஐஎஸ்621 இதைவிட எளிமையானது. ஒரே புரதம், ஒரே ஆர்என்ஏ. அந்த ஆர்என்ஏவின் ஒரு வளையம் போய்ச் சேரும் இடத்தையும் மற்றொரு வளையம் கொண்டுபோகும் சரக்கையும் பிடித்துக்கொள்கிறது, இரண்டு வளையங்களையும் நம் விருப்பப்படி மாற்றி எழுதலாம். ஆனால் அது இடத்தைப் படிப்பது சுமார் 14 எழுத்துகளைக் கொண்டுதான். 14 எழுத்துகளால் 26 கோடியே 80 லட்சம் சொற்கள்தான் அமையும், நம் மரபணுத் தொகுதியோ சுமார் 310 கோடி எழுத்து நீளம். ஆகவே எந்த ஒரு 14 எழுத்துச் சொல்லும் வெறும் தற்செயலாகவே பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வரக்கூடும். பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி சில லட்சங்களிலிருந்து ஒரு கோடிக்குச் சற்று மேல் வரைதான் என்பதால் அதற்கு இது போதுமானதாக இருந்தது.

சரக்கைச் செல்லுக்குள் கொண்டுபோகும் கூட்டிலும், தாவும் துண்டிலிருந்து கற்றுக்கொள்ளும் இதே சிந்தனை இருக்கிறது. நம் மரபணுத் தொகுதியில் ஒரு பழைய ரெட்ரோடிரான்ஸ்போசானிலிருந்து மிஞ்சிய பெக்10 என்ற மரபணு, வைரஸின் கூடு போன்ற ஒன்றைக் கட்டித் தன் ஆர்என்ஏவை அதற்குள் வைத்து வெளியேற்றுகிறது. அதில் வேறு ஆர்என்ஏவை ஏற்றி அனுப்ப முடியும் என்று 2021-இல் காட்டினார்கள். நம் உடம்பின் சொந்தப் புரதம் என்பதால் எதிர்ப்புச் சக்தி அதைத் தாக்காது என்பது எதிர்பார்ப்பு. நோயாளிகளிடம் நிரூபணம் ஆகும்வரை அது எதிர்பார்ப்பு மட்டுமே.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதை எந்த அளவு நம்பலாம் என்பதைப் பிரித்துச் சொல்வது என் கடமை. குறிப்பிட்ட இடத்தை நாடும் துண்டுகள் இயற்கையில் உண்டு, அவற்றின் செயல்முறை பெருமளவு தெரியும், மனிதச் செல்களில் அவற்றை வேலை செய்ய வைத்திருக்கிறார்கள்: இவை உறுதியானவை. அவற்றால் நோயாளிகளுக்குப் புற்றுநோய் ஆபத்து குறையும் என்பது நியாயமான அனுமானம், ஆனால் இன்னும் அனுமானம்தான். பரிணாமம் கணக்குப் பார்ப்பது கூட்டத்துக்கு. ஆயிரத்தில் ஒரு ஈஸ்ட் செல் செத்தால் அதற்கு நட்டம் இல்லை, நமக்கோ ஆயிரம் குழந்தைகளில் ஒரு குழந்தை என்பது தாங்க முடியாத விலை. ஒரு துண்டு தன் சொந்த உயிரியில் கட்டுக்கோப்பாக இருப்பதற்கு அந்த உயிரியின் புரதங்களும் துணைபோகின்றன, அவை மனிதனிடம் அப்படியே இருப்பதில்லை. பட்டுப்புழுவும் குருவியும் பாக்டீரியாவும் தந்த புரதங்களை நம் எதிர்ப்புச் சக்தி எப்படி வரவேற்கும் என்பதும் திறந்த கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலாக, எலும்பு மஜ்ஜையில் நீண்டகாலம் வாழும் அரிதான ஸ்டெம் செல்கள் பெரும்பாலும் பிரியாமல் உறங்கிக்கிடப்பவை. வளர்ப்புத் தட்டில் வேகமாகப் பெருகும் செல்களில் கிடைக்கும் விழுக்காட்டை அவற்றின் மேல் ஏற்றிப் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன். தலசீமியாவுக்கு முக்கியமானவை அந்தச் செல்கள்தான்.

உங்கள் அக்கா மகளைப் பற்றி. தாவும் துண்டு வழியாக வரும் சிகிச்சைக்காக எதையும் தள்ளிப்போடாதீர்கள். ஹெச்எல்ஏ என்ற திசு அடையாளம் பொருந்தும் உடன்பிறந்தவரின் எலும்பு மஜ்ஜையை மாற்றுவது பல ஆண்டுகளாக நிலைபெற்ற வழி. ஒரே பெற்றோருக்குப் பிறந்த ஒவ்வொருவருக்கும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஏற்றும் ரத்தத்தில் வரும் இரும்பு கல்லீரலில் சேர்ந்து கெடுப்பதற்கு முன், சிறுவயதிலேயே செய்தால் பலன் மிக நன்றாக இருக்கும் என்பதால், பொருத்தச் சோதனை இன்னும் செய்யவில்லையென்றால் அதைப் பற்றிக் குழந்தையைப் பார்க்கும் ரத்தநோய் மருத்துவரிடம் இந்த மாதமே பேசுங்கள். இரும்பை வெளியேற்றும் மருந்தை ஒருநாளும் விடக் கூடாது. 2023 இறுதியில் பிரிட்டனில் முதலில் அனுமதி பெற்ற காஸ்கெவி என்ற கிரிஸ்பர் சிகிச்சை தலசீமியாவுக்கும் உரியதுதான். அது புது மரபணு எதையும் நுழைப்பதில்லை, பிறந்தபின் அணைந்துபோகும் சிசு ஹீமோகுளோபினை மறுபடி எழுப்புவதற்காக ஸ்டெம் செல்லில் ஒரு இடத்தை வெட்டுகிறது. அமெரிக்காவில் அறிமுகமானபோது அதன் விலை 22 லட்சம் டாலராக இருந்தது என்பதால் அதைப் பற்றி இங்கே நீட்டிப் பேச ஒன்றும் இல்லை.

நாளை யாராவது மரபணு சிகிச்சைச் சோதனையில் சேர அழைத்தால், அது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐயில் இருக்கிறதா என்று பதிவு எண்ணைக் கேட்டு நீங்களே இணையத்தில் சரிபாருங்கள். வாகனம் எது, ஒரு செல்லுக்குச் சராசரியாக எத்தனை பிரதிகள் போகின்றன, எங்கே அமர்ந்தன என்பதை எந்த முறையில் கண்காணிப்பார்கள், எத்தனை ஆண்டுகள் கண்காணிப்பார்கள் என்று கேளுங்கள். குரோமோசோமோடு இணையும் சிகிச்சைகளுக்கு 15 ஆண்டுகள் கண்காணிப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வலியுறுத்துகிறது. சோதனை நிலையில் உள்ள சிகிச்சைக்குப் பணம் கேட்டால் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எழுந்து வந்துவிடுங்கள். பொருத்தச் சோதனையின் முடிவு வந்ததும் இங்கேயே எழுதினால், அதில் வரும் மரபணுப் பெயர்களையும் எண்களையும் விளக்கிச் சொல்கிறேன். எந்தச் சிகிச்சை என்ற முடிவை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.